அல்லாக் பீங்கான் மான்குட்டி: வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இது: ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 40 யூரோ கொடுத்து வெள்ளைப் பீங்கான் மான்குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்து வந்திருக்கிறது. உள்ளே எண்கோணக் கட்டத்துக்குள் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மின்னல் கீற்று, அதன் கீழே 'அல்லாக்' என்ற பெயர். படத்தைப் பார்த்த அலுவலக நண்பருக்கு முகம் மாறிவிட்டது. 'இது என்ன பொம்மை? வைத்துக்கொள்ளலாமா? விற்றால் விலை போகுமா?' என்று கேட்கிறார்.

நண்பர் முகம் மாறியதில் தப்பே இல்லை. அது மின்னல் கிடையாது. பழைய ஜெர்மானிய 'ரூன்' எழுத்தில் இரண்டு 'எஸ்'. ஹிட்லரின் நாஜி ஆட்சியில், ஹிம்லர் தலைமையில் வதைமுகாம்களை நடத்திய எஸ்.எஸ். அமைப்பின் சின்னம் அது. அந்த அமைப்புக்குச் சொந்தமாக ஒரு பீங்கான் ஆலை இருந்தது. உங்கள் மான்குட்டி நிஜமானதாக இருந்தால் அங்கே பிறந்ததுதான். 'இருந்தால்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

நான் விருத்தாசலத்தில் செராமிக் படித்துவிட்டு வந்தவன். பவேரியாவில் பீங்கான் ஆலைகளின் அச்சுப் பிரிவிலேயே பாதி ஆயுள் போயிற்று. பழைய விலங்குப் பொம்மை சேர்ப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பைத்தியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அல்லாக் என்பது ம்யூனிக்கின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஒரு பகுதியின் பெயர். 1935-ல் அங்கே ஒரு சிறிய பீங்கான் ஆலை தனியார் பெயரில் தொடங்கியது. அதன் பின்னால் இருந்த முக்கியமான ஆட்களில் ஒருவர் கார்ல் டீபிட்ச். ஓவியர், எஸ்.எஸ். அதிகாரி. எஸ்.எஸ்.ஸின் கறுப்புச் சீருடையை வடிவமைத்தவர்களில் ஒருவர் என்று சொன்னால் ஆள் யார் என்று புரியும். அடுத்த வருடமே ஆலை எஸ்.எஸ். கைக்குப் போனது. 1937-ல் பீங்கான் உற்பத்தியை டாஹாவ் வதைமுகாமை ஒட்டிய எஸ்.எஸ். வளாகத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் மண்பாண்ட வேலை தொடர்ந்தது. அதாவது 'அல்லாக்' என்று முத்திரை குத்தப்பட்ட பீங்கானில் பெரும்பகுதி டாஹாவில் சுட்டது.

ஒரு போலீஸ் அமைப்புக்குப் பீங்கான் ஆலை எதற்கு? ஜெர்மன் நாட்டில் பீங்கான் வெறும் சாமான் அல்ல, அது ராஜாக்களின் சமாச்சாரம். 1710-ல் சாக்சனி மன்னர் அகஸ்டஸ் மைசன் ஆலையைத் தொடங்கினார். அதற்கு முன் ஐரோப்பாவில் கடினப் பீங்கான் செய்யும் சூட்சுமம் யாருக்கும் தெரியாது, சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்ததுதான். சூட்சுமம் பிடிபட்டதும் மன்னர் முதலில் ஆசைப்பட்டவற்றில் ஒன்று விலங்குகள். தன் 'ஜப்பானிய மாளிகை'க்காகச் சிங்கம், ஆடு, மயில் என்று கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே செய்யச் சொன்னார். கிர்ஷ்னர், கெண்ட்லர் என்ற இரண்டு சிற்பிகள் 1730-களில் அதற்காக மல்லுக்கட்டினார்கள். அவ்வளவு பெரிய துண்டு சூளையில் வெடிக்காமல் வராது. அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றின் உடம்பில் விரிசல் தெரியும். மைசன், நிம்ஃபன்பர்க், பெர்லின் என்று ஒவ்வொரு அரச குடும்பத்துக்கும் ஓர் ஆலை இருந்தது. ஹிம்லர் தானும் அந்த வரிசையில் உட்கார ஆசைப்பட்டார். கடைச் சரக்கைவிட அன்பளிப்புதான் அவருக்கு முக்கியம். அதிகாரிகளின் பிறந்தநாள், கல்யாணம், விளையாட்டுப் பரிசு, வெளிநாட்டு விருந்தாளி என்று எல்லாவற்றுக்கும் அல்லாக் பெட்டி ஒன்று போகும். குளிர்காலத் திருநாளுக்கு எஸ்.எஸ். குடும்பங்களுக்கு 'யூல்' விளக்கு என்று சுடுமண் விளக்கு ஒன்று கொடுப்பார்கள். கிறிஸ்துமஸை ஓரங்கட்டத் தாங்களே உருவாக்கிய சடங்கு. அந்த விளக்கை ஹாம்பர்க் அருகே நாயன்கம்மா முகாமிலும் கைதிகள் செய்தார்கள்.

ஆலையின் பட்டியலில் குதிரைமேல் வீரர், கத்திச் சண்டை வீரர், கொடி பிடித்த பையன், நாட்டுப்புற உடையில் விவசாயி என்று கொள்கைப் பொம்மைகள் நிறைய உண்டு. பார்த்த உடனே எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். விலங்குகள்தான் வேறு. படுத்திருக்கும் மான்குட்டி, எழுந்து நிற்கும் கரடி, பதுங்கிய முயல், டாக்ஸ்ஹுண்ட் நாய், அல்சேஷன் நாய். நிறமே இல்லாத வெள்ளை, மேலே பளபளவென்று கிளேஸ். எந்தக் கொள்கையும் முகத்தில் எழுதியிருக்காது. உங்கள் மகளுக்குப் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அன்றைக்கும் குழந்தைகளுக்குப் பிடித்திருக்கும்.

விலங்குகளில் நிறைய டேயோடோர் கார்னர் வடித்தவை. 1884-ல் பிறந்தவர். இவர் கட்சிக்காரர்கள் எங்கிருந்தோ பிடித்து வந்த அரைகுறை ஆள் இல்லை. அதற்கு முன் நிம்ஃபன்பர்க்கிலும் ரோசன்தாலிலும் பேர் வாங்கிய விலங்குச் சிற்பி. ஒரு நாய் உட்காரும்போது பின்னங்கால் தொடைச் சதை எங்கே மடியும், மான்குட்டி காதைத் திருப்பும்போது கழுத்து எப்படி நீளும் என்பது அவர் கைக்குத் தெரியும். வேலை சுமாராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். 'மட்டமான ஆட்சி, மட்டமான பொம்மை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் சொல்ல முடியவில்லை.

ரோசன்தால் என்றேன் இல்லையா, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். செல்ப் ஊர்ப்பக்கம் 1879-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பிலிப் ரோசன்தால் பிறப்பால் யூதர், பிறகு கத்தோலிக்கராக மாறியவர். நாஜிகளுக்கு அந்த மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. 1934-ல் அவரைத் தன் சொந்தக் கம்பெனியிலிருந்தே வெளியேற்றினார்கள். 1937-ல் இறந்துபோனார். ஆனால் கம்பெனியின் பெயர் மட்டும் ரோசன்தாலாகவே தொடர்ந்தது, வெளிநாட்டுச் சந்தையில் அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு என்பதால். மனிதர் வேண்டாம், பெயர் வேண்டும். முதலாளி வெளியே தள்ளப்பட்ட அதே காலகட்டத்தில் அவரிடம் வேலை பார்த்த சிற்பி ஹிம்லரின் ஆலைக்குப் போய்ச் சேர்கிறார். பழைய சாமான் கடையில் கார்னர் கையெழுத்துள்ள ரோசன்தால் நாயும் அல்லாக் நாயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே கண்.

இப்போது அந்த மான்குட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கீழே ஊசிமுனை அளவிலோ கொஞ்சம் பெரிதாகவோ ஒரு துளை இருக்கும். உள்ளே கூடு. சூளையில் காற்று விரிந்து பொம்மை வெடிக்காமல் இருக்க அந்தத் துளை. வயிற்றோடு, கால்களுக்கு இடையில், விரல் நுனியால் தடவினால் மயிரிழை போல ஒரு மேடு தட்டுப்படலாம். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம் அது. நல்ல ஆலை என்றால் அந்த மேட்டைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் தேய்த்துக் காணாமல் ஆக்கியிருப்பார்கள். அது யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலை.

முறை இதுதான். கயோலின் என்ற வெள்ளைக் களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள், மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் கலந்து பாலாடை பதத்துக்குக் கொண்டு வருவார்கள். எங்கள் ஆட்கள் ஸ்லிப் என்போம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் அதை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி, ஓரத்தில் சதை மாதிரி ஒரு படலம் கட்டும். தடிமன் போதும் என்று தோன்றும்போது மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். தலை தனி, கால் தனி, காது தனி. கொஞ்சம் இறுகியதும் ஸ்லிப்பாலேயே ஒட்ட வேண்டும். பிறகு மேடு சுரண்டல், கண் இமையைக் கூர்மையாக்கல். 900 டிகிரிக்கு மேல் முதல் சூடு. கிளேஸில் முக்கி, 1400 டிகிரியில் இரண்டாம் சூடு. வெளியே வரும்போது பொம்மை அச்சைவிட ஆறில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். இந்தச் சுருக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

போர் நீண்டதும் ஆலைத் தொழிலாளர்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். 1940, 41 வாக்கில் காலியான இருக்கைகளை நிரப்ப எஸ்.எஸ். வெகுதூரம் தேடவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கைதிகள் இருந்தார்கள். சுரண்டல், ஒட்டல், சூளை அடுக்கல் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது.

அவர்களில் ஒருவர் ஹன்ஸ் லாண்டவர் என்ற ஆஸ்திரியர். 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃப்ராங்கோவுக்கு எதிராகச் சண்டை போடப் போனவர். தோல்விக்குப் பின் பிரான்சில் அடைபட்டு, கடைசியில் நாஜிகள் கையில் சிக்கி 1941-ல் டாஹாவ் வந்து சேர்ந்தார். வயது 20. பீங்கான் ஆலையில் வேலை கிடைத்தது. 1945-ல் விடுதலை வரை உயிர் பிழைத்து, பின்னாளில் வியன்னாவில் தன்னோடு ஸ்பெயினில் போராடியவர்களின் பெயர்களையும் வாழ்க்கையையும் தேடித் திரட்டும் ஆவணப் பணியில் பல வருடங்களைக் கழித்தார். 2014-ல்தான் இறந்தார்.

அந்த வேலை 'நல்ல வேலை' என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் முகாமில் உயிர் தங்குவது பல சமயம் எந்த வேலையில் விழுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆலைக்குக் கூரை உண்டு, சூளை உண்டு, ஜனவரி மாதம் பவேரியக் குளிரில் சூளைப் பக்கம் நிற்பது என்றால் என்ன என்று ஒரு குளிர்காலம் இங்கே கழித்தவருக்குத் தெரியும். கைவேலை தெரிந்தவரை மாற்றுவது கஷ்டம் என்பதால் எஸ்.எஸ்.ஸும் கொஞ்சம் யோசிக்கும். அதே டாஹாவில், முகாமுக்குப் பக்கத்திலேயே எஸ்.எஸ். நடத்திய மூலிகைப் பண்ணையில் மழையிலும் பனியிலும் மண் வெட்டிய கைதிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஹிம்லருக்கு மூலிகை வைத்தியத்திலும் ஆர்வம் இருந்தது! மூலிகை, மினரல் வாட்டர், செங்கல், கருங்கல், பீங்கான் என்று எஸ்.எஸ். ஒரு பெரிய வியாபாரக் குடும்பமாகவே வளர்ந்தது. அந்தக் கணக்கு வழக்கை எல்லாம் பார்த்த ஒஸ்வால்ட் போல் என்பவரை 1951-ல் லாண்ட்ஸ்பெர்க் சிறையில் தூக்கிலிட்டார்கள். டீபிட்ச் 1985 வரை இருந்தார்.

டாஹாவ் முகாமில் மொத்தம் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டார்கள், குறைந்தது 41,500 பேர் இறந்தார்கள். பீங்கான் ஆலையில் வேலை பார்த்தது அதில் சில பத்துப் பேர் அளவில்தான். சிலர் உங்களிடம் 'டாஹாவில் ஆயிரக்கணக்கானோர் பொம்மை செய்து செத்தார்கள்' என்பார்கள். அது இன்னொரு அல்லாக்கோடு வரும் குழப்பம். 1943 முதல் அல்லாக்கில் பி.எம்.டபிள்யூ. விமான எஞ்சின் ஆலைக்காக ஒரு பெரிய துணை முகாம் இருந்தது. டாஹாவின் துணை முகாம்களிலேயே அதுதான் மிகப் பெரியது, ஆயிரக்கணக்கானோர் அங்கேதான். பீங்கானுக்கும் அதற்கும் பெயர் மட்டும் ஒன்று.

நீங்கள் ம்யூனிக் பக்கம் வந்தால் எஸ்-2 ரயிலில் ஏறிப் பாருங்கள். அல்லாக், கார்ல்ஸ்ஃபெல்ட், டாஹாவ் என்று அடுத்தடுத்த நிறுத்தங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். டாஹாவில் இறங்கி 726 பஸ் பிடித்தால் நினைவிடம். கைதிகள் இருந்த பகுதியைத்தான் நாம் சுற்றிப் பார்க்கிறோம். எஸ்.எஸ். வளாகமாக இருந்த இடத்தின் பெரும்பகுதி இன்று பவேரியப் போலீஸின் வளாகம், உள்ளே போக முடியாது. என் மாமனார் வந்திருந்தபோது கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் அவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் அலமாரி முன்னால் நின்று, 'இதில் எது அங்கே செய்தது?' என்று மட்டும் கேட்டார்.

1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை டாஹாவை விடுவித்தது. கையில் அகப்பட்டதை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்ட சிப்பாய்களால் நாயும் கரடியுமாக நிறைய அல்லாக் பொம்மைகள் அமெரிக்க வீடுகளுக்குப் போயின. தாத்தாவின் பெட்டியிலிருந்து அவை இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அச்சுகளோ வீணாகவில்லை. போருக்குப் பின் விண்டிஷெஷன்பாக் ஊரிலிருந்த ஆலை ஒன்று கார்னரின் விலங்குகளை மறுபடி வார்த்தது. அவற்றின் அடியில் எஷன்பாக் என்ற பெயரும் 'அமெரிக்க மண்டலம்' என்ற குறிப்பும் இருக்கும். 1945-க்கும் 1949-க்கும் இடையே, ஜெர்மனி நான்காகப் பிரிந்து கிடந்த நாளின் அடையாளம் அது. சிலவற்றில் 'அல்லாக்' என்ற சொல்கூட உண்டு, ரூன் மட்டும் இருக்காது. அதே மான்குட்டி, அதே காது, கூலி வாங்கிய தொழிலாளியின் கை.

இங்கேதான் சூதும் நுழைகிறது. ரூன் முத்திரை உள்ள பொம்மைக்குத்தான் ஒரு வகைச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் போருக்குப் பிந்தைய பொம்மையின் குறியைச் சாணை பிடித்து அழித்துவிட்டு மேலே ரூன் வைப்பது ஒரு தொழில். முழுக்கவே புதிதாக வார்ப்பது இன்னொன்று. நானும் ஏமாந்திருக்கிறேன். எத்தனை வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொள்ளும் நான், ஒரு சந்தையில் மங்கலான விளக்கில் ஒரு முயலை வாங்கி வந்து, வீட்டில் அடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிளேஸில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளப்பு செத்துக் கிடந்தது. தேய்த்த இடம். கிளேஸ் என்பது கண்ணாடி மாதிரி, ஒரு முறை தேய்த்தால் சூளைப் பளபளப்பு திரும்பாது.

புதிதாக வார்த்த போலியைப் பிடிக்க எளிய வழி, முன்பே சொன்ன சுருக்கம். போலி செய்பவரிடம் மூல அச்சு இருக்காது. முடிந்துபோன பொம்மையிலிருந்துதான் அச்சு எடுப்பார். அதில் வார்த்ததும் சூளையில் இன்னொரு முறை சிறுக்கும். ஆக, நிஜம் 18 சென்டிமீட்டர் என்றால் போலி 15 சென்டிமீட்டருக்குச் சுருங்கி நிற்கும். இமை, குளம்பு மாதிரி நுணுக்கமான இடங்களும் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். முத்திரையை எப்படி வேண்டுமானாலும் போலி செய்யலாம், சுருக்கத்தை ஏமாற்றுவது கஷ்டம்.

நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அடியில் அச்சு எண் இருக்கும், சிற்பியின் பெயர் பொறித்திருக்கும். அச்சில் ஸ்லிப் ஊற்றியவரின் பெயரோ மேட்டைச் சுரண்டியவரின் பெயரோ இருக்காது. எண் என்பது எந்த உருவம் என்று சொல்லும், எந்த நாளில் வார்த்தது என்று சொல்லாது. 1938-ல் சம்பளத் தொழிலாளி செய்ததும் 1943-ல் கைதி செய்ததும் மேசையில் ஒரே மாதிரிதான் நிற்கும். 'என்னுடையது கைதிகள் வருவதற்கு முன் செய்தது' என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் சேகரிப்பாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அப்படியே முன்னது என்றாலும் முதலாளி யார்?

சட்டம். ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் குற்றம் என்கிறது. கல்வி, ஆராய்ச்சி, கலை, வரலாற்றுத் தகவல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில் பொம்மை நிற்பதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அடிப்பக்கத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டால் சிக்கல் வரலாம். சந்தைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததன் காரணம் இதுதான். அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல்தான் கோபம், 40 யூரோமேல் இல்லை.

விலை போகுமா என்றால் போகும், நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே போகும். ஆனால் யார் வாங்குவார் என்று யோசித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். ஈபே 2001-லேயே நாஜிப் பொருள்களுக்குத் தடை அறிவித்தது. ராணுவ நினைவுப் பொருள் ஏலங்களுக்கு வரும் கூட்டத்தில் மானை விரும்பி வருபவர் குறைவு, மானின் அடியில் இருப்பதை விரும்பி வருபவர்தான் அதிகம். பொம்மையைக் கையில் எடுத்த உடனே முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நான் விற்பதில்லை. உடைக்கச் சொல்லவும் மாட்டேன். உடைத்தால் உங்கள் மனம் ஒரு நிமிடம் லேசாகும், அதைச் சுரண்டி மெருகேற்றிய கைக்கு அதனால் ஒன்றும் இல்லை.

'சரி, அல்லாக் வேண்டாம், மற்ற ஜெர்மன் பீங்கான் சுத்தமா?' என்று அடுத்து கேட்பீர்கள். முழுக்க இல்லை. கார்ல்ஸ்பாட் பக்கம் நாயரோலாவில் எஸ்.எஸ். தன் கைக்குள் கொண்டுவந்த பீங்கான் ஆலையில் ராவன்ஸ்ப்ரூக் முகாமின் பெண் கைதிகள் கோப்பையும் தட்டும் செய்தார்கள். அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஏனென்றால் சாப்பாட்டுத் தட்டில் சேகரிக்க என்ன இருக்கிறது. பழைய மைசன் என்றால் அது யாரிடமிருந்து வந்தது என்பது வேறு கதை. ட்ரெஸ்டனில் வங்கியாளர் குடும்பமான க்ளெம்பெரர்களிடம் 800-க்கும் மேற்பட்ட மைசன் துண்டுகள் இருந்தன. யூதக் குடும்பம். 1938-ல் உயிர் பிழைத்து வெளியேறினார்கள், சேகரிப்பை அரசு பிடுங்கிக்கொண்டது. 1945 பிப்ரவரி 13 இரவு, அந்தப் பீங்கானில் பெரும்பகுதியை ஏற்றிய லாரி ட்ரெஸ்டன் அரண்மனை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. குண்டுவீச்சில் லாரியோடு போனது. இடிபாட்டில் சில்லு சில்லாகப் பொறுக்கி எடுத்து அருங்காட்சியகக் கிடங்கில் வைத்தார்கள். குடும்பத்தின் வாரிசுகள் 1991-ல் மீட்கப்பட்டவற்றில் பலவற்றை அதே நகர அருங்காட்சியகத்துக்கே கொடையாகக் கொடுத்தார்கள். பிற்பாடு கிடங்கில் அடையாளம் தெரிந்தவை குடும்பத்துக்குத் திரும்பி, 2010-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஒட்டுப்போட்ட தழும்போடு, கை இல்லாமல், தலை இல்லாமல். முழுசாக இருந்திருந்தால் வேறு விலை, ஆனாலும் மனிதர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அடியில் இருந்தது வேறு.

அதனால் பழைய பீங்கானில் ஆசை இருந்தால் ஆசைப்படுங்கள். கவிழ்த்துப் பாருங்கள், யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள், 1933-க்கும் 1945-க்கும் நடுவில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். விற்பவர் அந்தப் பன்னிரண்டு வருடத்தைத் தாண்டிக் குதித்துப் பேசினால் பொருளைக் கீழே வைத்துவிடுங்கள். எனக்குக் கார்னரின் கை பிடிக்கும், அதனால் ரோசன்தால் நாயும் எஷன்பாக் முயலும் வைத்திருக்கிறேன். அல்லாக் ஒன்றே ஒன்று உண்டு, தெரியாமல் வாங்கிய காலத்தில் வந்தது. அது அலமாரியில் இல்லை, பெட்டியில், கூடவே ஒரு தாள். எப்போது எங்கே வாங்கினேன், எந்த ஆலை, யாருடைய ஆலை, அங்கே யார் வேலை பார்த்தார்கள் என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின் பெட்டியைத் திறப்பவர் அழகான நாய் என்று பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். வயது என்ன என்று எழுதவில்லை. ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் எஷன்பாக் மான்குட்டி ஒன்றைத் தேடி வாங்கி மாற்றி வைத்துவிடுங்கள், அதே அச்சுதான், வித்தியாசமே தெரியாது. இங்கே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை டாஹாவுக்குக் கூட்டிப் போவார்கள், அந்த வயது என்றால் பொம்மையை அவள் கையிலேயே கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. ஸ்கேல் வைத்து மான்குட்டியின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, அடியில் பொறித்திருக்கும் அச்சு எண்ணோடு எழுதுங்கள். படம் வேண்டாம், எண் போதும். சின்னதாக இருந்தால் இவ்வளவு நேரம் நான் எழுதியது வேறு ஏதோ ஒரு மான்குட்டியைப் பற்றி.